அண்ணன் ஊரில் இல்லாத நாட்கள்

அண்ணன் ஏறிய விமானம்
மேகத்துக்குள் போனதும்
நாடு என் கைக்கு வந்தது.
கனமே இல்லை.
பக்கத்து வீட்டுக்காரர் பூனையை விட்டுப்போனால்
இதைவிடக் கவலைப்படுவேன்.

பிப்ரவரி. கோபன்ஹேகன் கல்தெருக்களில்
உப்பு தூவியிருக்கிறார்கள்.
அவன் இருந்தால்
காவல் மாற்றத்துக்கு முழு பாண்டு வரும்.
நான் இருந்தால்
ஒரு முரசு, இரண்டு குழல்,
மீதியெல்லாம் பூட்ஸ் சத்தம்.
சன்னலோரம் நின்று கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்:
அரியணைக்கும் எனக்கும் இடையே
சரியாக ஒரு டிரம்போன் தூரம்.

பதினான்கு மாதம் பிந்திப் பிறந்தவன் நான்.
அவன் போட்டுக் கழித்த கடற்படைக் கோட்டு,
அவன் ஏறி முடித்த குதிரை,
அவனுக்கு அலுத்துப்போன பிரெஞ்சு ஆசிரியை,
எல்லாம் எனக்கு வந்து சேர்ந்தன.
நாடும் அப்படித்தான் வரும்,
ஒன்பது நாள், பதினோரு நாள்,
தோளில் அவன் சூடு ஆறாமல்.
'மாட்சிமை' என்று வாய்தவறித் தொடங்கி
பாதியில் விழுங்கி
'மேன்மை' என்று திருத்திக்கொள்ளும் மேயர்களை
எனக்குப் பிடிக்கும்.
அந்தப் பாதிச் சொல்லில்தான் நான் குடியிருக்கிறேன்.

குறிப்பேட்டில் ஒருமுறை கூட்டிப் பார்த்தேன்.
முப்பத்தொரு வருடத்தில்
இருநூற்றுப் பதினேழு நாள் ஆண்டிருக்கிறேன்.
ஒரு வருடம்கூடத் தேறவில்லை.
அண்ணன் எப்போது போவான் என்று காத்திருக்கும் தம்பியைப் பற்றி
எல்லா மொழியிலும் ஒரு பழமொழி இருக்கும்.
நான் காத்திருந்ததெல்லாம்
எப்போது வருவான் என்று.

வியாழக்கிழமை மூன்று கோப்புகள்.
விலாங்குமீன் பிடிக்கத் தடைக்காலம்.
ஒரு தூதரின் இடமாற்றம்.
மூன்றாவது,
லிங்ஹோல்ம் தீவுக்குப் போகும்
குளிர்காலப் படகை நிறுத்தும் சட்டம்.
அதன்மேல் குண்டூசியில் ஒரு கடிதம்.
செயலாளர் எடுக்க மறந்தாரா,
மறுத்தாரா, தெரியாது.
'அரசருக்கு' என்று தொடங்கியிருந்தது.
நாற்பத்துமூன்று பேர்,
ஒரே பள்ளிக்கூடம், ஒன்பது பிள்ளைகள்,
இடுப்பு வலி வந்தால் நாங்கள் நீந்துவதா என்று கேட்டு
படகின் கேப்டன்
டோர்த்தெ கிராகெலுண்ட் ஒப்பமிட்டிருந்தாள்.

அரசருக்கு எழுதியது. எனக்கல்ல.
அரசரே இருந்தாலும்
நாடாளுமன்றம் கைதூக்கிய பிறகு
எங்கள் வீட்டுப் பேனாவுக்கு
'மாட்டேன்' எழுதத் தெரியாது.
அந்தப் படகில், எனக்கு ஏழு வயதில்,
அண்ணன் என் தொப்பிக்குள் வாந்தியெடுத்தான்.
அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.
'அரசர் இல்லாத நிலையில், எஸ்கில்ட்.'
மை காயும்வரை
வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை
கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டு
ரயிலேறி, பஸ் மாறி,
படகுத்துறைக்குப் போனேன்.
மூன்று வரிசை பின்னால் ஒரு காவலர்,
தூங்குவதுபோல் நடித்தபடி.
முதியோர் சீட்டு கேட்டேன்.
அட்டையைக் காட்டச் சொன்னாள்.
பெயரைப் படித்தாள்.
பிறகு என்னைப் படித்தாள்.

"கையெழுத்துப் போட்டது நீங்களா?"
"ஆமாம்."
"என் கடிதத்தைப் படிக்காமலா?"
"படித்துவிட்டு."

முதல் பதிலை மன்னித்திருப்பாள் போல.
அடியில் பனித்தகடுகள்
பலகையைச் சுரண்டிக்கொண்டே வந்தன.
பாதிக் கடலில்
காகிதக் கோப்பையில் காப்பி கொண்டுவந்து வைத்தாள்.
பதினெட்டுக் குரோனர் என்றாள்.
இருபது கொடுத்தேன்.
மீதியை என் உள்ளங்கையில் வைத்து
விரல்களை ஒவ்வொன்றாக மூடிவிட்டாள்,
கடைக்கு அனுப்பிய பிள்ளைக்கு மூடுவதுபோல்.
தீவில் நான் இறங்கவில்லை.

திங்களன்று அண்ணன் வந்திறங்கினான்,
வெயிலில் தோலுரிந்த மூக்கோடு.
"ஏதாவது உண்டா?"
"விலாங்குமீன்" என்றேன்.
சிரித்தான்.
கார்க் கதவை அவனுக்காகத் திறந்தார்கள்.
தூரத்தில் முழு பாண்டு
சுருதி சேர்த்துக்கொண்டிருந்தது.

நாட்டைத் திருப்பிக் கொடுத்தாயிற்று.
கோட்டுப் பையில் இன்னும் கிடக்கின்றன
இரண்டு ஒற்றைக் குரோனர்கள்.
ஒவ்வொன்றிலும் நடுவே ஒரு துளை,
துளையைச் சுற்றி
அவன் பெயரெழுத்து.